பத்தாவது மட்டும் படித்தவர் நர்சிங் அசிஸ்டென்ட் ஆக எந்த சர்டிபிகேட் செல்லும்?

ஊத்துக்குளிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயது 36. பத்தாவது பாஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பனியன் கம்பெனி வேலைதான். இப்போது திருப்பூரில் ஒரு யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். ஆர்டர் இருந்தால் ராத்திரி வரைக்கும் வேலை, இல்லாவிட்டால் வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான். பாப்பா எட்டாவது படிக்கிறாள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார்.

எங்கள் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார வைத்து, மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பது, யூரின் பை காலி செய்வது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அத்தை போகும் வரைக்கும் முதுகில் ஒரு புண் வர விடவில்லை. அதிலிருந்து ஊரில் யாருக்காவது முடியவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சரி, இதையே படித்து ஒரு வேலையாகச் செய்தால் என்ன என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சென்டரில் போய் விசாரித்தேன். ஒரு வருடம் ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்’. ஃபீஸ் 55,000, யூனிஃபார்மும் புத்தகமும் தனி. “கவர்மென்ட் ரிஜிஸ்டர்டுங்க, ஏஎன்எம் நர்ஸ் படிப்புக்குச் சமம், முடித்தால் நீங்களும் நர்ஸ்தான், வேலை நாங்களே வாங்கித் தருகிறோம், வெளிநாட்டுக்குக்கூடப் போகலாம்” என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். சேரும் அன்றைக்கே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுக்க வேண்டுமாம். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 5,000 தள்ளுபடியாம். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளுபடியைக் கேட்டதும்தான் சந்தேகமே வந்தது.

இந்த சர்டிபிகேட் நிஜமாகவே செல்லுமா? என் வயதுக்கும் படிப்புக்கும் வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தறிக்காரன், சோமனூர்:

‘கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு’ என்றால் என்ன பதிவு என்று கேளுங்கள். பெரும்பாலும் டிரஸ்டாகவோ சொசைட்டியாகவோ பதிவு செய்த காகிதத்தைத்தான் காட்டுவார்கள். டிரஸ்ட் பதிவு நானும் நீங்களும்கூடச் செய்யலாம். அதை வைத்துக்கொண்டு படிப்பு நடத்த அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று ஆகாது. ஐஎஸ்ஓ முத்திரையும் அதே கதைதான். எங்கள் அக்கா பெண் இப்படி ஒரு இடத்தில் படித்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த சர்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையில் வேலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அவள் நல்ல வேலைக்காரி, அதனால் பிழைத்தாள்.

மார்க்‌ஷீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் நின்றால் முழு ஃபீஸையும் கட்டினால்தான் திருப்பித் தருவார்கள்.


கோபி சிஸ்டர்:

தங்கச்சி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிங்க. நான் ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துக் கோயமுத்தூரில் பல வருடம் பார்த்துவிட்டு, இப்போது கோபிப் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு வருகிறவர்களை இன்டர்வியூ செய்து எடுப்பதும், எடுத்த பிறகு திட்டித் திட்டிப் பழக்குவதும் என் வேலை.

முதலில் அந்த ‘சமம்’ என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். நம் ஊரில் நர்ஸ் என்று பதிவு எண் கிடைப்பது ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் என்ற வழிகளில்தான். ஏஎன்எம் இரண்டு வருடம், ஜிஎன்எம் மூன்று வருடம், பிஎஸ்சி நான்கு வருடம். பாடத்திட்டம் இந்தியன் நர்சிங் கவுன்சிலுடையது. அது 1947 சட்டப்படி வந்த அமைப்பு. பதிவு செய்வது சென்னையில் இருக்கிற தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில். அங்கே பெயர் ஏறாதவர் எந்த வெள்ளை யூனிஃபார்ம் போட்டாலும் நர்ஸ் ஆக முடியாது. ஒரு வருட டிப்ளமோவுக்கு அங்கே இடமே கிடையாது. ஏஎன்எம்முக்கு பிளஸ் டூ வேண்டும், வயது 17 முதல் 35 வரை. உங்களுக்கு வயதும் தாண்டிவிட்டது, பிளஸ் டூவும் இல்லை. இதைச் சொல்லாமல் ‘சமம்’ என்று ஒருவர் சொன்னால், மற்றதையும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு அந்தப் பதிவு தேவையே இல்லை. அதனால் மனசு விட வேண்டாம். நர்ஸ் சொல்வதை நர்ஸ் கண் முன்னால் செய்கிற வேலை இது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, நடக்க வைப்பது, பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது, பிபி, நாடி, மூச்சு, காய்ச்சல் பார்த்து எழுதுவது, எவ்வளவு உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைப்பது. நல்ல அசிஸ்டென்ட் ஒருவர் இருந்தால் வார்டு எப்படி ஓடும் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

இதற்கு இப்போது ஓரளவு மதிப்புள்ள சர்டிபிகேட் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, சுருக்கமாக ஜிடிஏ. மத்திய அரசின் ஸ்கில் இந்தியா திட்டத்தின் கீழே ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் வகுத்த பாடம் அது. இதில் எனக்குப் பிடித்தது, சொல்லிக் கொடுத்தவரே மார்க் போட முடியாது, வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்முறைத் தேர்வு வைப்பார். சர்டிபிகேட்டில் க்யூஆர் கோடு இருக்கும், நான் போனில் ஸ்கேன் செய்து உண்மையா என்று பார்த்துவிடுவேன். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலைக்கென்று ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இரண்டுமே ஒரு வருடம் இழுக்காது, சில மாதங்கள்தான்.

இதைக் காசு கட்டித்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. கிராமப்புறத்தில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டிடியு-ஜிகேஒய் என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 15 முதல் 35 வயது வரைதான் என்றாலும் பெண்களுக்கு 45 வரை தளர்வு உண்டு. நீங்கள் அதற்குள் வருவீர்கள். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் சுய உதவிக் குழுவில் இருந்தால் உங்கள் குழுத் தலைவியையே கேட்கலாம், அவருக்கு அங்கே ஆள் தெரிந்திருக்கும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிற இலவசப் பயிற்சிகளையும் கூடவே விசாரியுங்கள். இப்போது பேட்ச் இல்லை என்று சொன்னால் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தங்கிப் படிக்கிற மாதிரியா, வீட்டிலிருந்து போய் வருகிற மாதிரியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பாப்பா இருக்கிறாள் இல்லையா.

இனி நான் ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். எந்த சென்டரில் சேர்ந்தாலும் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களா என்று இதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

வருகிறவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்க மாட்டேன். எங்கள் வார்டுப் பிள்ளை ஒருத்தியைக் கட்டிலில் படுக்க வைத்து, “இவருக்கு இடது பக்கம் வராது, சட்டை போட்டு விடுங்க” என்பேன். முதலில் வராத கையை நுழைத்துவிட்டு அப்புறம் நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையில் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் அந்தச் செத்த தோளைப் பிடித்து இழுக்க வேண்டி வரும், நோயாளி கத்துவார். உங்கள் அத்தைக்கு நீங்கள் இதைப் பழக்கத்திலேயே செய்திருப்பீர்கள்.

அடுத்தது, ஆள் படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாற்றச் சொல்வேன். பாதியைச் சுருட்டி முதுகுக்குக் கீழே தள்ளி, புதுசை விரித்து, அந்தப் பக்கம் திருப்பி, மீதியை இழுப்பது. இதில் நான் பார்ப்பது ஷீட்டை இல்லை. திருப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கம்பியை ஏற்றினாரா, “இப்ப திருப்பப் போறேனுங்க” என்று நோயாளியிடம் ஒரு வார்த்தை சொன்னாரா, ஸ்கிரீனை இழுத்துவிட்டாரா என்றுதான். பாதிப் பேர் இங்கேயே தேற மாட்டார்கள்.

மூச்சு எண்ணச் சொல்வேன். “உங்க மூச்சை எண்றேனுங்க” என்று சொல்லிவிட்டு எண்ணுகிறவர் புத்தகம் மட்டும் படித்தவர். சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் விரலை வைத்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20, நாடி 60 முதல் 100. எண்ணிக்கை தாண்டினால் எழுதி வைத்தால் போதாது, ஸ்டாஃப் நர்ஸிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும்.

வீல்சேரில் ஏற்றச் சொல்வேன். பிரேக் போட்டாரா, கால் பலகையை மடக்கினாரா என்று பார்ப்பேன். அப்புறம் குப்பை. ஊசி வெள்ளை டப்பாவில், டியூப், கையுறை மாதிரி பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில், கண்ணாடி பாட்டில் நீலத்தில். 2016 விதி வந்த பிறகு இதில் யாரும் தலையை ஆட்டிவிட்டுப் போக முடியாது. எவரோ ஒருவர் ஊசியைச் சாதாரணக் குப்பையில் போட்டுவிட, அதை அள்ளுகிற அம்மா கையில் குத்தும். அதனால்தான் வார்டில் இறங்குவதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வேன். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. உங்கள் சென்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியதா?

செக்கிங் வேலை பார்த்தேன் என்றீர்களே, அதை லேசாக நினைக்காதீர்கள். துணியில் ஊசி ஓட்டை கண்டுபிடிக்கிற கண் இங்கே ரொம்ப வேண்டும். படுக்கைப்புண் முதலில் புண்ணாக வராது. இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை மாதிரி எலும்பு துருத்தும் இடத்தில் ஒரு சிவப்பாகத்தான் வரும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அதுதான் ஆரம்பம். நம்ம ஊர்க் கறுத்த உடம்பில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சுற்றியிருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். சில கிளினிக்குகளில் அசிஸ்டென்ட்டையே ஊசி போடச் சொல்வார்கள், டிரிப்ஸ் ஏற்றச் சொல்வார்கள். ஸ்டாஃப் நர்ஸுக்குக் கொடுக்கிற சம்பளம் மிச்சம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நீங்கள் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் போடச் சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார், பதிவு எண் இல்லாமல் ஊசி போட்டது நீங்கள் என்றுதான் வரும். “எனக்கு ஐவி போடத் தெரியுமுங்க மேடம்” என்று இன்டர்வியூவில் பெருமையாகச் சொல்கிறவரை நான் எடுப்பதில்லை.


ஊத்துக்குளிக்காரி:

சிஸ்டருங்க, ரொம்ப நன்றிங்க. வராத கையை முதலில் நுழைப்பது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அத்தை கத்துவதைப் பார்த்து நானே மாற்றிக்கொண்டேன்.

சென்டருக்கு போன் பண்ணி, பிராக்டிகல் எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டேன். “நிறைய டை-அப் இருக்குங்க, சேர்ந்த பிறகு சொல்றோம்” என்றார்கள். சொல்லிக் கொடுப்பது நர்ஸா என்றால், “எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் ஸ்டாஃப்” என்று முடித்துவிட்டார்கள். தடுப்பூசி பற்றிக் கேட்டதும் லைன் கட் ஆகிவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி. கோயமுத்தூரில் ஒரு ஏஜென்சி, படிப்பே வேண்டாம், நாளைக்கே வா, தோட்டத்து வீடு ஒன்றில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள 24 மணி நேர டியூட்டி என்கிறது. அப்படிப் போகலாமா? அப்புறம் சம்பளம் உண்மையில் எவ்வளவு வரும்?


பொள்ளாச்சி மேற்கு:

அக்கா, நான் அந்த மாதிரி ஏஜென்சி வழியாகத்தான் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், அமெரிக்கா என்று இருப்பார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் பெரிய வீடு, அதில் ஒரு ஆத்தா மட்டும். வேலை கஷ்டம் இல்லை, பேச ஆள் இல்லாததுதான் கஷ்டம். ஆத்தாவுக்கும்தான்.

வீட்டுக்காரர்கள் ஏஜென்சிக்குக் கொடுப்பது ஒரு தொகை, நம் கைக்கு வருவது வேறு. எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 24 மணி நேரம் என்றால் தூங்க எத்தனை மணி நேரம், மாதத்தில் லீவு எத்தனை, அவசரத்துக்கு ஊருக்குப் போனால் பதில் ஆள் யார் என்று எழுதி வாங்குங்கள். என்னென்ன வேலை என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டில் என்னை ஆத்தாவைப் பார்க்க என்று கூப்பிட்டு, சமையல், பாத்திரம் எல்லாம் ஆகி, கடைசியில் கட்டுத்தரையில் எருமைக்குச் சோளத்தட்டுப் போடச் சொன்னார்கள். எருமைக்கு பிபி, நாடி பார்க்கத் தெரியாதுங்க என்று ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார், மோஷன் போனாரா, பிபி எவ்வளவு என்று தினமும் எழுதிப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிடுவேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அந்த நோட்டுதான் நமக்குத் துணை. வீட்டில் பணம், நகை இருக்கிற பீரோ சாவியை மட்டும் கையில் வாங்கவே வாங்காதீர்கள். அவர்கள் நம்பித்தான் கொடுப்பார்கள், ஆனால் வேண்டாம்.


திருச்செங்கோடு டு டல்லாஸ்:

வெளிநாட்டுப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. இங்கே அமெரிக்காவில் என் மனைவி இந்த வேலைதான் செய்கிறார். இங்கே சிஎன்ஏ, சர்டிஃபைட் நர்சிங் அசிஸ்டென்ட் என்பார்கள். 1987-ல் முதியோர் இல்லங்களின் நிலைமையைச் சீர்படுத்த ஒரு மத்திய சட்டம் போட்டார்கள். அதன்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறை. மாநிலத்துக்கு மாநிலம் அதைவிடக் கூட்டி வைத்திருக்கிறார்கள். முடித்ததும் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு செய்முறைத் தேர்வு. பாஸ் பண்ணினால் மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறும். வேலை கொடுக்கிறவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கொடுப்பார். தொடர்ந்து 24 மாதம் இந்த வேலை பார்க்காமல் இருந்தால் திரும்பவும் பயிற்சியோ தேர்வோ வேண்டும். வருஷத்துக்கு 12 மணி நேரம் மறுபயிற்சியும் உண்டு.

என்ன சொல்ல வருகிறேன் என்றால், உங்கள் ஊர் சென்டரின் டிப்ளமோவைக் கொண்டுவந்து இங்கே யாரிடமும் நீட்ட முடியாது. முதலிலிருந்து இவர்கள் பயிற்சியைத்தான் முடிக்க வேண்டும். விசா என்பது தனிப் பாடு. ‘வெளிநாடு போகலாம்’ என்பதை ஃபீஸில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒன்று மட்டும் சுவாரசியம்: சிஸ்டர் சொன்ன அந்தச் சட்டைக் கதை இங்கேயும் செய்முறைத் தேர்வில் வரும். வீட்டில் என்னைப் படுக்க வைத்துத்தான் பழகினார்.


கோபி சிஸ்டர்:

தங்கச்சி, ‘சேர்ந்த பிறகு சொல்றோம்’ என்றால் ஆஸ்பத்திரி இல்லை என்று அர்த்தம். எந்த சென்டராக இருந்தாலும் ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டு வாங்கி, நேரே அங்கே போய் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டைப் பார்த்து, “இந்த சென்டர் பிள்ளைகள் இங்கே வார்டில் நிற்கிறார்களா” என்று கேளுங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் டோக்கன் கொடுக்க நிற்க வைத்துவிட்டு பிராக்டிகல் என்று கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. மெடிக்கல் வார்டு, சர்ஜிக்கல் வார்டு, முடிந்தால் எலும்பு வார்டு, இவற்றில் நிற்க வேண்டும்.

24 மணி நேர வேலைக்கு இப்போதே போக வேண்டாம் என்பது என் எண்ணம். உங்களுக்கு ஒரு அத்தையைப் பார்த்த அனுபவம் இருக்கிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தத் தோட்டத்து அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரியும்? வியர்க்கும், கை நடுங்கும், சம்பந்தமில்லாமல் பேசுவார். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், 108-ஐக் கூப்பிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தோட்டத்தில் தனியாக இதை முடிவு பண்ணுவதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு நர்ஸ் இருக்கும்போது சில மாதம் வார்டில் நின்றிருக்க வேண்டும். அப்புறம் வீட்டு வேலைக்குப் போனால் நீங்கள் கேட்கிற சம்பளமும் வேறாக இருக்கும்.

சம்பளம் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவருக்கு 11,000 கொடுக்கிறோம், கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்னும் கொஞ்சம் கூட வரும், கூடவே ஹாஸ்டல். நீங்கள் ஓவர்டைம் போட்டு பனியன் கம்பெனியில் எடுப்பதைவிட ஆரம்பத்தில் இது குறைவாகத்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஈஎஸ்ஐ, பிஎஃப் உண்டா என்று கேட்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, கம்பெனியில் பார்த்திருப்பீர்கள். 21,000-க்குள் சம்பளம் என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் ஈஎஸ்ஐ வர வேண்டும். ஏஜென்சிகளில் இதைப் பேசினால் பேச்சை மாற்றுவார்கள்.

நைட் டியூட்டி கட்டாயம் வரும். எட்டு மணிக்கு டியூட்டி மாறினால் ஊத்துக்குளிக்கு எந்த பஸ் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நிறையப் பேர் வேலை கஷ்டத்தில் நிற்பதில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல்தான் நின்றுவிடுகிறார்கள்.


ஊத்துக்குளிக்காரி:

குழு அக்காவோடு கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு வந்தேனுங்க. ஆதார், ரேஷன் கார்டு, மார்க்‌ஷீட் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜிடிஏ பேட்ச் அடுத்து ஆரம்பிக்கும்போது கூப்பிடுவார்களாம், தங்கிப் படிப்பதா என்பது எந்த சென்டர் வருகிறது என்பதைப் பொறுத்ததாம். அதுவரைக்கும் செக்கிங் வேலையை விடவில்லை. சென்டர்காரர்கள் மறுபடியும் போன் பண்ணினார்கள், தள்ளுபடி 8,000 ஆகிவிட்டதாம்.

பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதிவிடலாமா என்று ஒரு ஆசை. ஏஎன்எம் வயது தாண்டிவிட்டது, இருந்தாலும்.


கோபி சிஸ்டர்:

எழுதுங்கள். எனக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரிகளில் பத்தாவது படித்தவரையும் பிளஸ் டூ படித்தவரையும் சம்பளத்தில் பிரித்துத்தான் வைக்கிறார்கள். ஜிடிஏ முடித்து வார்டில் நின்ற பிறகு ஆற அமர எழுதலாம், இரண்டையும் ஒன்றாகத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செகண்ட் முள் இருக்கிற சாதாரண வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனைப் பார்த்து நாடி எண்ணுவது வார்டில் ஒத்துவராது, கையும் சுத்தமாக இருக்காது.


பவானி கூடுதுறை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் தம்பி பிளஸ் டூ காமர்ஸ், இருபது வயது, ஜமக்காளத் தறிக்குப் போக மாட்டேன் என்கிறான். இது பையன்களுக்கும் உண்டா, இல்லை பெண்களுக்கு மட்டும்தானா?


கோபி சிஸ்டர்:

தாராளமாக உண்டு. ஏஎன்எம்தான் பெண்களுக்கு மட்டும், ஜிடிஏவில் அப்படி இல்லை. பையன்கள் கிடைக்காமல்தான் நாங்கள் திண்டாடுகிறோம். எலும்பு வார்டில் எண்பது கிலோ ஆளைத் தூக்கி மாற்ற வேண்டும், ஆண் நோயாளிகளுக்கு ஷேவிங், குளியல், யூரின் பை இதெல்லாம் பெண் பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் நோயாளியே சங்கடப்படுகிறார். தம்பிக்கு இருபது வயதுதானே, ஜிஎன்எம் சேர முடியுமா என்பதையும் பாருங்கள். அதற்கு சயின்ஸ் குரூப்தான் என்று கட்டாயம் இல்லை, ஆங்கிலத்தோடு பிளஸ் டூவில் 40 சதவீதம் வேண்டும், காமர்ஸ் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். கல்லூரியை மட்டும் இந்தியன் நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் இருக்கிற அங்கீகாரப் பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். முதலில் எங்கள் வார்டு மாதிரி ஒரு இடத்தில் அவனை ஒரு நாள் கொண்டுவந்து நிறுத்துங்கள். வாந்தியைத் துடைக்கத் தயங்கவில்லை என்றால் மற்றதைப் பேசலாம்.